பிடிக்காத புத்தகங்களின் பட்டியல்

ஜப்பானில் உவாஜிமா நகரத்தின் படகுத்துறைக் காத்திருப்புக் கூடத்தில் "வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம்" என்று அட்டை ஒட்டிய அலமாரி ஒன்று உண்டு. தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மூன்று புத்தகங்கள் அதில் தோளோடு தோள் சாய்ந்து நிற்பதைக் கண்டபோது ஓரிடோ ஷிஹோவுக்கு முதலில் மகிழ்ச்சியே உண்டாயிற்று. படித்து முடித்தவர், பிறரும் படிக்கட்டும் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். எவ்வளவு நல்ல மனம்! அந்த மகிழ்ச்சி முதல் புத்தகத்தைத் திறக்கும்வரைதான் நீடித்தது.

பக்க அடையாளத்துக்கென்று முதுகில் ஒட்டி வரும் பட்டு நாடா, அச்சகத்தார் மடித்து வைத்தபடியே உள்ளே சுருண்டு கிடந்தது. அதை அவள் நகர்த்தியபோது, தாளில் நாடாவின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அந்தப் பக்கத்தை ஒருமுறையேனும் எட்டியவர் நாடாவைத் தொடாமல் தாண்டியிருக்க முடியாது. இரண்டாவது புத்தகமும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் நாடா பதினேழாம் பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவள் செருகி அனுப்பிய சிறு உறை, ஒட்டுப் பிரியாமல் அங்கேயே இருந்தது. மேலே அவளுடைய கையெழுத்தில், "யகுஷிஜி ரான் அவர்களுக்கு." உள்ளே என்ன எழுதினோம் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது: "இதுவரை வந்துவிட்டீர்கள் அல்லவா? இனி உங்களால் நிறுத்த முடியாது."

மூன்று புத்தகங்களுக்கும் யகுஷிஜி ரான் தவறாமல் நன்றி அட்டை அனுப்பியிருந்தாள். மூன்றிலும் ஒரே வாக்கியம்: "நடுப்பகுதி குறிப்பாக நெஞ்சைத் தொட்டது."

ஷிஹோ வேலை பார்த்த கடை, கூரை வேய்ந்த கடைவீதியின் நடுவில் இருந்த 'மினாமோ' புத்தக நிலையம். மத்சுயாமாவில் இலக்கிய முதுகலை முடித்துவிட்டு, ஓராண்டுக்கு முன் அங்கே சேர்ந்தவள் அவள். கடையின் தனிச்சிறப்பு 'தேர்வுப் பொதி'. வாடிக்கையாளர் தாம் இதுவரை படித்த இருபது புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் குறியிட்டு அனுப்புவார். மிகவும் பிடித்திருந்தால் இரட்டை வட்டம், பிடித்திருந்தால் வட்டம், சுமாரென்றால் முக்கோணம், பிடிக்காவிட்டால் பெருக்கல் குறி. அந்தத் தாளைக் கொண்டு அவருடைய ரசனையை ஊகித்து, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு புத்தகத்தைக் கடை அனுப்பிவைக்கும். ஷிஹோ இந்தத் தாள்களை வேதம்போல் வாசித்தாள். வட்டங்களை வண்ணம் தீட்டி வரிசைப்படுத்தினாள். இன்னாருக்குக் கடல், இன்னாருக்குத் துயரம், இன்னாருக்கு மெல்லிய நகைச்சுவை என்று சுவர் நிறைய அட்டவணைகள் வரைந்து வைத்தாள்.

கடையின் உரிமையாளர் இஷிமாரு கனாகோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நாக்கில் கத்தி வைத்திருப்பவர். கையில் எப்போதும் தூசி தட்டும் துணி. மூன்று புத்தகங்களையும் மேசைமேல் வைத்து ஷிஹோ கதையைச் சொல்லி முடித்ததும், அவர் நாடாவை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஆராய்ச்சிக்காரம்மா, இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? அந்த அட்டைப் பெட்டியத் திற. முந்நூறு நன்றிக் கார்டு இருக்கு. ஒண்ணுலயாவது 'பிடிக்கல'ன்னு எழுதியிருக்கா பாரு."

"இல்ல, இஷிமாரு-சான்."

"நெஞ்சைத் தொட்டதுன்னு எத்தனை பேரு?"

"பெரும்பாலும் எல்லாருமே."

"உவாஜிமாவுல இத்தன நெஞ்சத் தொட்டிருந்தா ஆஸ்பத்திரியில இடம் பத்தாது. நானே சொல்லணும்னு இருந்தேன். மாசக் கடைசியோட பொதிய நிறுத்திடலாம். நாம மரியாதையா அனுப்புறோம், அவங்க மரியாதையா வாங்கிக்கிறாங்க. யாரும் படிக்கல. இது புத்தக வியாபாரமில்ல, வாழ்த்து அட்டை வியாபாரம்."

ஷிஹோவின் காது மடல்கள் சிவந்தன. ஒரு மனிதருக்கு உரிய புத்தகத்தை அவர் கையில் சேர்ப்பது என்ற அந்த ஒரு வேலைக்காகவே அவள் பல்கலைக்கழகத்தை உதறிவிட்டு வந்திருந்தாள். வாசகனைப் பற்றி அறுபது பக்க ஆய்வு எழுதிய காலமெல்லாம் உயிருள்ள வாசகன் ஒருவனைக்கூடப் பார்க்கவில்லையே என்ற உறுத்தல்தான் அவளை இங்கே தள்ளியது. இங்கேயும் அவள் பார்த்தது தாள்களைத்தானா?

"ஒரே ஒருத்தர்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "மாசம் முடிய அஞ்சு நாள் இருக்கு. இந்த யகுஷிஜி-சானயே நிஜமாப் படிக்க வெச்சுக் காட்டுறேன். நடந்துட்டா பொதி தொடரணும்."

"கார்டு வந்தா ஒத்துக்க மாட்டேன்."

"கார்ட நானே ஒத்துக்க மாட்டேன்!"

இஷிமாரு துணியை உதறினார். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

மறுநாள், வியாழனன்று, ஷிஹோ மூன்று புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கடலோரக் குன்றுகளின் படிக்கட்டுத் தோட்டங்களில் ஆரஞ்சு பூத்திருந்தது. வாசனை சன்னல் வழியே வந்து பஸ் முழுவதும் அமர்ந்துகொண்டது. அவளுக்கோ அதை முகரவும் பொறுமையில்லை. ரானின் தாளை மடியில் விரித்துப் பதினைந்தாவது முறையாகப் படித்தாள். இருபது புத்தகங்கள், இருபது வட்டங்கள். ஒரு முக்கோணம்கூட இல்லை. இவ்வளவு நாளும் இதைப் 'பரந்த ரசனை' என்றே அவள் குறித்து வைத்திருந்தாள். இப்போது பார்த்தால், கதவைச் சாத்திவிட்டு உள்ளிருந்து புன்னகைக்கும் வீடு போலிருந்தது அந்தத் தாள்.

ரான் தன் முகவரியாகக் கொடுத்திருந்த முத்து வளர்ப்புக் கொட்டகை தண்ணீரின்மேல் தூண்கள் நாட்டிக் கட்டப்பட்டிருந்தது. சன்னலோரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தாங்கியில் பொருத்திய சிப்பிகளின் வாயில் ஆப்பு வைத்து, மெல்லிய கத்தியால் கீறி, உள்ளே முத்து வளரக் கருவாகும் மணியை வைத்துக்கொண்டிருந்தார்கள். கை நுணுக்கமாக வேலை செய்ய, வாய் அதைவிட நுணுக்கமாக வேலை செய்தது. மூலையில் வானொலி நாடகம் ஓடியது. அதன் வசனத்தைவிடத் தெளிவாகக் கேட்டது ஒரு பெண்ணின் குரல்.

"போறான் பாரு, குடை இல்லாம போறான்! காலையில இருந்து மழைன்னு இவங்களேதானே சொன்னாங்க? அவ ஏன் 'போகாதீங்க'ன்னு அழணும்? குடைய எடுத்துக் குடுத்தா கத முடிஞ்சுது!"

"அடி ரான், கதையில அவன் நனைஞ்சாத்தான்டி காய்ச்சல் வரும்," என்றாள் பக்கத்திலிருந்த சாயோ அக்கா. அறுபதை நெருங்கிய, தோள் அகன்ற பெண்மணி. "காய்ச்சல் வந்தாத்தான் அவ போய்ப் பாப்பா."

"அதுக்குக் காய்ச்சல் எதுக்கு? பஸ்தான் ஓடுதே!"

இந்தப் பெண்தான் நடுப்பகுதி நெஞ்சைத் தொட்டது என்று எழுதியவளா? ஷிஹோ வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து தன் பெயரைச் சொன்னாள். குனிந்ததில் பை சரிந்து, மூன்று புத்தகங்களும் பலகைத் தரையில் வரிசையாக வந்து விழுந்தன.

யகுஷிஜி ரான் அவற்றைப் பார்த்தாள். நாற்பது வயது முகம் கழுத்துவரை சிவந்தது. எழுந்து, கையுறையோடு, இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"ரொம்ப மன்னிக்கணும்! இவ்வளவு சிரமப்பட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்புனீங்க, நான்..."

"இல்லங்க, தப்பு என்னோடது! உங்களுக்குப் பொருந்தாதத அனுப்பி உங்க நேரத்த..."

"ஐயோ இல்லல்ல, புத்தகம் ரொம்ப நல்லதுதான், எனக்குத்தான் அறிவு..."

"அப்படிச் சொல்லாதீங்க, நான்தான் சரியா..."

ஒருவர் நிமிர்வதற்குள் மற்றவர் குனிந்தார். சாயோ அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு முடிச்சதும் சொல்லுங்கம்மா. இங்க சிப்பி வாயத் தொறந்துட்டுக் காத்திருக்கு."

கொட்டகை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஷிஹோவுக்குத் துணிவு தந்தது. காலியாயிருந்த முக்காலியை ரானின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யகுஷிஜி-சான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்குப் பிடிக்காத புத்தகம் எது?"

"பிடிக்காததா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்லயே. எல்லாப் புத்தகத்துலயும் ஏதாவது நல்லது இருக்கும்."

"சும்மா இருடி," என்றாள் சாயோ அக்கா. "அந்த நாய்க் கதயச் சொல்லு. வருஷத்துக்கு நாலு தடவ எங்க காதுல ஓதுற இல்ல?"

"அக்கா!"

"சொல்லு, சொல்லு. இந்தப் பொண்ணு பஸ் புடிச்சு வந்திருக்கு."

ரான் ஒரு சிப்பியைத் தாங்கியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அது பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்துல, இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி. கோடை லீவுக்கு ஒரு புத்தகம் படிச்சுக் கட்டுரை எழுதணும்ல, அப்ப குடுத்தது. ஒரு ஓவியன் தீவுக்கு வந்து படம் வரைவான். ஒரு நாய் அவன் கூடவே இருக்கும். கடைசியில நகரத்துல பெரிய பேரு கிடைக்கும், கிளம்பிடுவான். நாய் கரையில நிக்கும். அவன் படகுல இருந்து அதப் பாத்து அழுவான். அழுவானாம்! கிளாஸே அவனுக்காக அழுதுச்சு." கத்தி மேசையில் டக்கென்று விழுந்தது. "படகுல இடமிருந்துச்சு! பக்கம் நூத்து எம்பதுல அவனே சொல்றான், 'படகில் நானும் படகோட்டியும் மட்டுமே' அப்படின்னு. நாய் எம்மாத்தம் இடம் எடுக்கும்? இடது காதுல பழுப்பு மச்சம், பேரு கோமா. அவன் வீட்டுத் திரை பச்சை. திரைய மட்டும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனான் அந்தப் பாவி!"

"கட்டுரையில என்ன எழுதுனீங்க?"

"ஓவியரின் தனிமை நெஞ்சைத் தொட்டதுன்னு எழுதினேன்." ரானின் குரல் தாழ்ந்தது. "டீச்சர் சிவப்பு மையில பூப் போட்டு வட்டம் போட்டுக் குடுத்தாங்க. அதுல இருந்து எதக் கேட்டாலும் அதையே எழுதப் பழகிட்டேன்."

ஷிஹோ முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம்! பக்க எண், திரையின் நிறம், நாயின் காதிலிருந்த மச்சம். வட்டமிட்ட இருபது புத்தகங்களில் எதைப் பற்றியாவது இவளால் இப்படிப் பேச முடியுமா? வெறுத்த புத்தகமொன்று இவளுக்குள் இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. இவளுக்கு வேண்டியது நெஞ்சைத் தொடும் புத்தகமல்ல. மல்லுக்கு நிற்கும் புத்தகம். சுவரிலிருக்கும் அட்டவணைகள் அத்தனையும் தலைகீழாகத் திரும்புவதை அவள் மனக்கண்ணில் பார்த்தாள். பார்த்த கணமே, எந்தப் புத்தகம் என்பதும் தெரிந்துவிட்டது.

"யகுஷிஜி-சான்! ஒரு ஆளு இருக்கான். உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்காது."

"யாரு?"

"ரிட்டயர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. அவ ஏன் போனான்னு எனக்குப் புரியவே இல்லன்னு நானூறு பக்கம் எழுதியிருக்கான். நமக்கு ஆறாம் பக்கத்துலயே புரிஞ்சிடும்."

"ஏன், என்ன பண்ணான்?"

"அவ சமைக்கிற நேரத்தக் குறிச்சு அட்டவணை போட்டு அடுப்பு மேல ஒட்டியிருக்கான். தாமதமான நாளுக்கெல்லாம் காரணம் எழுதிக் கேப்பான்."

"எதுக்கு?" ரான் இருக்கையிலிருந்தே எழுந்துவிட்டாள். "இவன் ரயிலா ஓட்டுறான் வீட்டுல? அவ என்னதான் சொன்னா?"

"அது மொத அத்தியாயத்துல இருக்கு."

"சொல்லுங்க!"

"மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஷிஹோ பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடையின் பின் அறையில் அந்த நாவலின் ஒரே பிரதி, விற்காத நூல்களின் அடுக்கில் கீழிருந்து மூன்றாவதாக இருந்தது. உருவிய வேகத்தில் மேலிருந்தவை சரிந்தன. "கட இடிஞ்சு விழுதா?" என்று இஷிமாரு கத்தினார். ஷிஹோ புத்தகத்தைப் பொதியாகக் கட்டினாள். வழக்கமான கடிதத்தை இந்த முறை எழுதவில்லை; இந்த வாசகிக்குக் கடிதம் இடைஞ்சல். மாலைப் பஸ்ஸின் ஓட்டுநர் கையில் பொதியைத் திணித்து, முத்துக் கொட்டகை நிறுத்தத்தில் சேர்த்துவிடும்படி மூன்று முறை சொன்னாள். அவர் நான்காவது முறை கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளி கழிந்தது. சனியன்று கடைவீதியில் தபால்காரரின் மணியொலி கேட்டபோதெல்லாம் ஷிஹோ வாசலுக்கு வந்தாள். முன்பு அனுப்பிய மூன்று புத்தகங்களுக்கும் அட்டை சரியாக இரண்டாம் நாள் வந்திருந்தது.

"இந்தத் தடவ கார்டு கூட வரல போல," என்றார் இஷிமாரு.

"வரல!" என்றாள் ஷிஹோ. முகம் மலர்ந்திருந்தது. இஷிமாரு அவளை விநோதமாகப் பார்த்தார்.

ஞாயிறு, மாதத்தின் கடைசி நாள். காலை பதினொரு மணி. கடையில் இஷிமாரு, ஷிஹோ, பயண நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர். கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் யகுஷிஜி ரான் உள்ளே வந்தாள். கையில் புத்தகம்; அதனுள் ஆள்காட்டி விரல். காலை வணக்கமும் இல்லை, குனிவும் இல்லை.

"ஸ்டேஷன்ல விட்டுட்டான்!"

"எந்த அத்தியாயம்?" என்றாள் ஷிஹோ.

"ஒன்பது! அவ காய்ச்சல்னு சொல்றா. இவன் கடிகாரத்தப் பாத்து, ரயிலு ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும், நீ அடுத்ததுல வான்னு ஏறிப் போயிட்டான். அது தேனிலவு! நான் பஸ்ஸுல கத்திட்டேன், முன்னாடி இருந்த தாத்தா எழுந்து இடம் குடுத்தாரு. எப்படிப்பட்ட மனுஷன் இவன்? இப்படி எழுதிட்டு வெக்கமில்லாமப் பேரையும் போட்டிருக்கானே!"

எழுதியவர் வேறு, கதையைச் சொல்பவன் வேறு என்று விளக்க ஷிஹோவின் நாக்கு துடித்தது. அறுபது பக்கம் அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அறுபதையும் எச்சிலோடு விழுங்கினாள்.

பதில் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. "ஆனா டிக்கெட் வீணாகியிருக்குமே," என்றார் இஷிமாரு.

ரான் மெல்லத் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"நானும் படிச்சிருக்கேன். மனுஷன் முப்பது வருஷம் நேரத்துக்கு ரயில அனுப்பினவன். அவனுக்கு வேற பாஷை தெரியாது. பாவம்."

"பாவமா? அடுப்பு மேல அட்டவண ஒட்டினவன் பாவமா?"

"அந்த அட்டவணையில அவ பொறந்த நாளச் சிவப்புல குறிச்சிருந்தான். அதக் கவனிச்சீங்களா?"

"குறிச்சு? அன்னைக்கு அவ என்ன சமைக்கணும்னு தானே எழுதியிருந்தான்!"

"மீன் சோறு! அவளுக்குப் பிடிச்சது!"

"அவளே ஆக்கணும்!"

தூசித் துணி ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் காற்றில் வீசப்பட்டன. பக்க எண்கள் பறந்தன. வெளியே போன இரண்டு பெண்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் பயண நூலை வைத்துவிட்டு அருகே வந்து, தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். இந்தப் புத்தகம் இன்னொண்ணு இருக்குமா?"

"இருக்காது," என்றார் இஷிமாரு, ரானை முறைத்தபடியே. "இருந்தாலும் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். அது இவங்களோட புத்தகம். உங்களுக்குன்னு ஒண்ணு வேணும்னா அங்க தாள் இருக்கு, எழுதி வெச்சிட்டுப் போங்க. இந்தப் பொண்ணு பாத்து அனுப்புவா. அடுத்த மாசம் ஆகும்."

அடுத்த மாதம். ஷிஹோ புத்தக அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். தாளை நீட்டியபோது கண்ணாடிக்காரர், "பிடிச்ச புத்தகமெல்லாம் எழுதணுமா?" என்றார். "வேண்டாம்," என்றாள் அவள். "உங்களால மன்னிக்கவே முடியாத புத்தகம் எதுன்னு மட்டும் எழுதுங்க." அவர், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று எழுதத் தொடங்கினார்.

ரான் அதற்குள் சண்டையைப் பாதியில் விட்டிருந்தாள். "இருங்க. எண்பது பக்கம் பாக்கி. முடிச்சிட்டு வந்து உங்களக் கவனிச்சுக்கறேன்," என்று இஷிமாருவிடம் சொல்லிவிட்டு, வார இதழ்க் கட்டொன்றின்மேல் பூட்ஸோடு உட்கார்ந்து விரல் வைத்த பக்கத்தைத் திறந்தாள்.

ஷிஹோ முதன்முறையாக ஒரு வாசகியைக் கண்ணெதிரே பார்த்தாள். ரானின் உதடுகள் அசைந்தன. ஓரிடத்தில் மூக்கால் ஊதினாள். ஓரிடத்தில் "டேய்" என்று முணுமுணுத்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பியவள் மீண்டும் பின்னுக்குப் போய் எதையோ சரிபார்த்துக்கொண்டு, தொடையில் குத்தினாள். நண்பகல் மணி ஊர் முழுக்க ஒலித்து அடங்கியது அவளுக்குக் கேட்கவில்லை. இஷிமாரு தேநீரை அருகே வைத்துவிட்டு ஓசையின்றி நகர்ந்தார். கடைசி இரண்டு பக்கங்களில் ரானின் புருவம் நெரிந்தது, தளர்ந்தது, மறுபடி நெரிந்தது. கண்ணோரம் ஈரமாகியது. அதைப் புறங்கையால் கோபத்தோடு துடைத்தாள்.

புத்தகத்தை மூடினாள். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"இவன நான் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்," என்று கடைக்கே அறிவித்தாள். பிறகு ஷிஹோவின் சட்டைக் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"வேற ஏதாவது எழுதியிருக்கானா, இந்த ஆளு?"